ஒரு மாத்திரை 3,000 வெள்ளியா?



கொஞ்ச நாளைக்கு முன் சி ரூசாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிரசர் ஐயாதானே? என்னைத் தெரியலீங்களா?" என்றார். 1980-களில் நான் டிரசராக இருந்த தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். இப்போது பேரப் பிள்ளைகள் எடுத்துவிட்டார். தோட்டம் வீடமைப்பாகி எத்தனையோ வருஷமாகிறது.

பேச்சு நோய் நொடிப் பக்கம் திரும்பியது. "என் ஈரல் கெட்டுப் போச்சுன்னு சொன்னாங்க ஐயா. லயத்தில பழகின சனங்களே நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு சம்சு குடிச்சேன்னு பேசிச்சு. பெத்த மகனே ஒரு நாள் கேட்டுட்டான்" என்றார். அவர் சொல்லும்போது கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்து அந்த அம்மா குடித்தவர் இல்லை. ஆனால் 1986-இல் மூன்றாவது பிரசவத்தில் அவருக்கு ரத்தம் நிற்காமல் போனது, வண்டியில் ஏற்றி அனுப்பியவன் நான்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பை ரத்தம் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றிய அந்த ரத்தத்தோடுதான் நோயும் உள்ளே போயிருக்க வேண்டும்.

அந்த நோயின் பெயர் ஹெப்பாடைட்டிஸ் சி. ஈரலைத் தாக்கும் கிருமி. இந்தக் கிருமி இன்னதென்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 1989-இல்தான். கண்டுபிடிக்காத கிருமியை ரத்தத்தில் எப்படித் தேடுவது? ஆகவே 1990-களின் நடுப்பகுதிக்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட யாருக்கும் அது வந்திருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். பிளாஸ்டிக் சிரிஞ்சு வருவதற்கு முன்னால் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் கண்ணாடி சிரிஞ்சுதான். கொதிக்க வைத்துக் கழுவிப் போடுவோம். பெரட்டு முடிந்து காலையில் நாற்பது பேர் வரிசையில் நின்றால், ஆளுக்கொரு ஊசி கொதிக்க வைக்க நேரம் ஏது, அடுப்பு ஏது? ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போட்டதும் உண்டு. நீங்களும் சும்மா இருந்தீர்களா? "மாத்திரை வேணாம் ஐயா, ஒரு ஊசி போட்டு விடுங்க, அப்பதான் காய்ச்சல் விடும்" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! அன்றைக்கு அதன் ஆபத்து எங்களுக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்த பிறகு அதை மறைப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கிருமி உடம்பில் புகுந்தால் உடனே ஒன்றும் தெரியாது. சிலருக்கு மஞ்சள் காமாலை வரும், பலருக்கு அதுவும் வராது. சிலருக்குத் தானாகவே போய்விடும். பத்தில் ஏழு பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். பிறகு ஒரு நாள் வயிறு வீங்கும், கால் வீங்கும், ரத்த வாந்தி வரும், சிலருக்கு ஈரலில் புற்று வரும். அந்த நேரத்தில்தான் "இவன் குடிகாரன்" என்று பட்டம் கட்டுகிறோம். குடித்தவருக்கும் ஈரல் கெடும், உண்மைதான். ஆனால் ஈரல் கெட்டவரெல்லாம் குடித்தவர் என்று சொல்லக் கூடாது. அந்த அம்மாவின் மகனுக்கு நான் அன்றைக்கே பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

சரி, இனி இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரொம்ப வருஷமாக இந்த நோய்க்கு இருந்த மருந்து இன்டர்ஃபெரான் என்ற ஊசி. கூடவே ரிபாவிரின் மாத்திரை. ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட நாளெல்லாம் காய்ச்சல், உடம்பு வலி, மனச் சோர்வு. பாதியில் நிறுத்தியவர்கள் பலர். முழுக்கப் போட்டவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் குணமானது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சொஃபோஸ்புவிர் என்ற புது மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. தினம் ஒரு மாத்திரை, துணைக்கு இன்னொரு மருந்து, பெரும்பாலோருக்கு 12 வாரம். இந்த வகை மருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நோய் அடியோடு போய்விடுகிறது. அருமையான மருந்து, இதை யாரும் மறுக்க முடியாது.

விலையைக் கேளுங்கள். கிலியட் என்ற அமெரிக்கக் கம்பெனி 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தது. 84 நாள், 84 மாத்திரை, ஒரு மாத்திரை 1,000 டாலர். அப்போதைய கணக்கில் நம் காசுக்கு 3,000 வெள்ளிக்கும் மேல். அந்த வருஷம்தான் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாத்திரை வாங்க மூன்று மாதத்துக்கு மேல் உழைக்க வேண்டும். முழு மருந்தும் வாங்க ஏறக்குறைய 25 வருஷச் சம்பளம், அதுவும் சோறு தண்ணி இல்லாமல்!

அந்த மாத்திரையைத் தயாரிக்க அவ்வளவு செலவா? இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய சகாக்களும் 2014-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 12 வாரத்துக்கான மருந்தை மொத்தமாகத் தயாரித்தால் 68 டாலரிலிருந்து 136 டாலர் வரைதான் ஆகும் என்றார்கள். 84,000 எங்கே, 136 எங்கே!

கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். "ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகச் செலவாகிறது, நாங்கள் லாபம் பார்க்காவிட்டால் நாளைக்குப் புது மருந்து யார் கண்டுபிடிப்பார்கள்?" நியாயமான கேள்விதான். ஆராய்ச்சிக்குச் செலவு உண்டு, செலவு செய்தவனுக்குக் காசு திரும்ப வேண்டும். ஆனால் இந்த மருந்தின் கதையைப் பாருங்கள். இதைக் கண்டுபிடித்தது கிலியட் இல்லை. பார்மாசெட் என்ற சின்னக் கம்பெனியின் விஞ்ஞானிகள். அவர்களுக்கு முன்னால், பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இந்தக் கிருமியைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்து வழி திறந்தவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் கிலியட் அந்தச் சின்னக் கம்பெனியைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பெரிய தொகைதான். ஆனால் 2014 ஒரே வருஷத்தில் இந்த மருந்தும் இதைச் சேர்த்துச் செய்த இன்னொரு மாத்திரையும் விற்ற தொகை 1,200 கோடி டாலரைத் தாண்டியது. போட்ட முதலுக்குச் சமமான தொகை விற்பனையில் ஒரே வருஷத்தில் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் அதைவிட அதிகம்.

நம்மைப் போன்றவர்கள் சொன்னால் "இவர்களுக்கு வியாபாரம் தெரியாது" என்பார்கள். அமெரிக்க செனட் சபையின் நிதிக் குழுவில் இரண்டு கட்சிகளையும் சேர்ந்த இரண்டு உறுப்பினர்கள், ரான் வைடன், சக் கிராஸ்லி, 18 மாதம் கம்பெனியின் உள் தாள்களைப் புரட்டிப் பார்த்து 2015 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். வருமானத்தை எவ்வளவு பெருக்கலாம் என்பதைத்தான் கம்பெனி முதலில் பார்த்தது, பலருக்கு மருந்து எட்டாமல் போகும் என்று தெரிந்தே விலை வைத்தது என்பது அதன் சாரம். பணக்கார அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள், ஈரல் மிகவும் கெட்டுப் போன ஏழைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னது. "இன்னும் கொஞ்சம் கெடட்டும், அப்புறம் வா" என்பது வைத்தியமா?

எப்படி இவ்வளவு விலை வைக்க முடிகிறது என்று கேட்பீர்கள். காப்புரிமை, அதாவது பேட்டண்ட், என்று ஒன்று இருக்கிறது. புது மருந்து கண்டுபிடித்தவர் பதிவு செய்துகொண்டால் 20 வருஷத்துக்கு வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. பழைய காலத்தில் தோட்டத்துக்கு ஒரே ஒரு கடை இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? டவுனுக்குப் போக பஸ் இல்லை, கையில் காசு இல்லை, பற்று நோட்டுதான். அரிசி என்ன விலை என்று கடைக்காரர் சொன்னாரோ அதுதான் விலை. அந்தக் கடையில் விலை பிடிக்காவிட்டால் ஒரு நாள் கருவாடு வாங்காமல் இருந்துவிடலாம். ஈரல் நோய்க்காரர் என்ன செய்வார்?

கிலியட் கம்பெனி ஒன்று செய்தது. 2014-இல் இந்தியாவின் மருந்துக் கம்பெனிகள் சிலவற்றுக்கு இதே மாத்திரையை மலிவாகச் செய்து 91 நாடுகளில் விற்க அனுமதி கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. தாய்லாந்தும் இல்லை. "நீங்கள் நடுத்தர வருமானம் உள்ள நாடு" என்பது காரணம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் போலிருக்கிறது, லயத்துப் பக்கம் யாரும் வரவில்லை! அப்போதைய மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நான்கைந்து லட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. கம்பெனியின் விலையில் அத்தனை பேருக்கும் மருந்து கொடுக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

இங்கேதான் நம் நாடு ஒரு காரியம் செய்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட காரியம். நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

நமது 1983-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. நாட்டு மக்களின் உடல்நலம் போன்ற அவசியத்துக்காக, காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தை வேறு இடத்திலிருந்து வாங்கவோ செய்யவோ அரசாங்கம் உத்தரவு போடலாம். காப்புரிமைக்காரருக்கு அதற்கான ஈடு கொடுக்க வேண்டும். இது திருட்டு இல்லை. உலக வர்த்தக அமைப்பின் விதிகளே இதற்கு இடம் கொடுக்கின்றன. 2001 நவம்பரில் டோஹாவில் கூடிய மாநாட்டில் எல்லா நாடுகளும் அதை உறுதிப்படுத்தின.

அதற்கு முன்பே இந்தியா ஒரு வழி காட்டியிருந்தது. 1970-இல் இந்தியா கொண்டு வந்த சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அதனால் ஒரே மருந்தை வேறு வழியில் மலிவாகச் செய்யும் கம்பெனிகள் அங்கே வளர்ந்தன. 2005-இல் அந்தச் சட்டம் மாறும் வரை முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. 2001-இல், எய்ட்ஸ் மருந்துக்கு மேல்நாட்டுக் கம்பெனிகள் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தபோது, பம்பாயில் உள்ள சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. நம் அரசாங்கம் 2003-இல் அந்த 84-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, சிப்லாவிடமிருந்தே எய்ட்ஸ் மருந்தை இரண்டு வருஷத்துக்கு வரவழைத்தது. செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதிகமான பேருக்கு மருந்து கிடைத்தது.

அதே பிரிவைத்தான் 2017-இல் மறுபடியும் எடுத்தார்கள். கம்பெனியோடு பேச்சு நடத்திப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. அந்த வருஷம் செப்டம்பரில், அப்போது சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் எஸ். சுப்பிரமணியம் முடிவை அறிவித்தார். ஹெப்பாடைட்டிஸ் சி மருந்துக்காக இந்த உரிமையைக் கையில் எடுத்த முதல் நாடு மலேசியா. வேடிக்கை என்னவென்றால், அந்த அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்னால்தான் கிலியட் கம்பெனி திடீரென்று மலேசியாவையும் தாய்லாந்தையும் தன் மலிவு விலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மூன்று வருஷமாகத் திறக்காத கதவு, உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் திறந்தது. சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து பழகிய தோழர்களுக்கு இது புதுசாக இருக்காது.

இது ஓர் அமைச்சர் தனியாகச் செய்த காரியம் என்று நினைக்க வேண்டாம். நோயாளிகளின் அமைப்புகளும், பினாங்கில் உள்ள மூன்றாம் உலக வலைப்பின்னல் போன்றவர்களும் பல வருஷம் மனு எழுதி, கூட்டம் போட்டு, அதிகாரிகளைப் பார்த்துப் பேசிய பிறகே நடந்தது. லாபத்துக்காக இயங்காத டி.என்.டி.ஐ. என்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பு, எகிப்து நாட்டின் பார்கோ கம்பெனியோடு பேசி, முழுச் சிகிச்சைக்கான மருந்தை 300 டாலருக்குள் தர ஒப்பந்தம் செய்தது. சொஃபோஸ்புவிரோடு ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: நூற்றுக்கு 97 பேருக்குக் குணம். 2021-இல் ரவிடாஸ்விர் நம் நாட்டில் பதிவு செய்யப்பட்டது. அமெரிக்காவில் 84,000 டாலருக்கு விற்கத் தொடங்கிய மருந்துதான், இங்கே துணை மருந்தோடு சேர்த்தே 300.

அமெரிக்க மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. மலேசியா மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தங்கள் அரசாங்கத்துக்குப் புகார் எழுதியது. 2018 மே மாதம் இங்கே ஆட்சி மாறியது, இருந்தும் புது அரசாங்கம் அந்த உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை. முதலாளிகளுக்கும் சங்கம் இருக்கிறது தோழர்களே, நம்மைவிட ஒழுங்காகச் சந்தா கட்டுகிறார்கள்!

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். 2018-லிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மலேசியக் குடிமக்களுக்கு இந்த மாத்திரை இலவசம். ஆனால் நோய் இருப்பதே தெரியாதவர் எப்படிப் போய்க் கேட்பார்? பரிசோதனை ரொம்பச் சின்னது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முடிவு தெரியும். அதில் "இருக்கிறது" என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். கிருமி எப்போதாவது வந்து போயிருந்தாலும் அப்படித்தான் காட்டும். இப்போதும் இருக்கிறதா என்று இரண்டாவது ரத்தச் சோதனை செய்வார்கள். இருந்தால் மாத்திரை.

யார் போக வேண்டும்? 1990-களின் நடுவுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பிரசவத்திலோ ஆபரேஷனிலோ லாரி விபத்திலோ எதுவானாலும் சரி. அந்தக் காலத்துக் கண்ணாடி சிரிஞ்சில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எப்போதாவது போதை ஊசி போட்டவர்கள். இதைப் படிக்கும் தம்பிமார்களே, ஒரே ஒரு தடவைதான் போட்டேன் என்றாலும் போங்கள், கிளினிக்கில் யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள். பச்சை குத்திக்கொண்டவர்களும் போகலாம். கோயில் திருவிழாவில் அலகு குத்திக்கொள்பவர்கள், வேலும் கொக்கியும் ஆளுக்கு ஆள் மாறாமல், புதுசாகவோ நன்றாகச் சுத்தம் செய்ததாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிவெட்டும் கடையில் பிளேடை உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கை கொடுத்தால், பக்கத்தில் படுத்தால், பிள்ளைக்குப் பால் கொடுத்தால் வராது. ஆகவே வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து யாரையும் ஒதுக்காதீர்கள். தடுப்பூசி இந்த நோய்க்கு இல்லை. பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்களே, அது ஹெப்பாடைட்டிஸ் பி என்ற வேறு நோய்க்கு. அதையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் தோட்டங்களில் இப்போது செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு இந்த இலவசம் இல்லை. அவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்மைவிடப் பல மடங்கு கட்டணம் கட்ட வேண்டும். நம் தாத்தா பாட்டியும் கப்பலேறி வந்தவர்கள்தான். இதைச் சங்கக் கூட்டத்தில் யாராவது எழுப்பினால் நான் கை தூக்குவேன்.

இன்னொரு சேதி. 2025 மே 1-ஆம் தேதியிலிருந்து தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையை எல்லாரும் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. தனியார் கிளினிக்கில் மருந்து வாங்குமுன் விலையைக் கேளுங்கள். "இதே மருந்து வேற கம்பெனி போட்டது, விலை கம்மியா இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். பசாரில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாம் டாக்டர் முன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

அந்த அம்மா கதையை விட்டுவிட்டேனே. கிளினிக்கில் ஒரு நர்ஸ் பழைய பிரசவத்தைப் பற்றி விசாரித்துவிட்டு ரத்தம் எடுத்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, 12 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது கிருமி இல்லை. ஆனால் ஈரலில் ஏற்கெனவே விழுந்த தழும்பு இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் வயிற்றை ஸ்கேன் செய்துகொள்கிறார். "காசு எதுவும் கேக்கல ஐயா, அதான் நெசமான மருந்தான்னு சந்தேகமா இருந்துச்சு" என்று சிரித்தார். அந்த மாத்திரையின் விலைக் கதையை அவருக்குச் சொன்னேன். பாயசம் ஆறும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானும் போய் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷம் எத்தனை பேர் ரத்தம் இந்தக் கையில் பட்டிருக்கும்! எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. நீங்கள் போகும்போது அடையாளக் கார்டும் ஒரு வெள்ளியும் போதும். ரத்தம் ஏற்றிய பழைய தாள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள்.